எதிர்த் தரப்பு வக்கீலின் நன்னடத்தைச் சான்று

வழக்கறிஞராகப் பதிவு செய்துகொள்ள என்னென்ன வேண்டும் என்று கல்லூரிப் பிள்ளைகள் என்னிடம் கேட்பதுண்டு. பூந்தமல்லி நீதிமன்றத்தில் நான் கறுப்பு கவுனோடு நடப்பதைப் பார்த்துவிட்டு, மாடிப்படி ஓரமாக நிறுத்திக் கேட்பார்கள். பத்தாவது, பன்னிரண்டாவது மதிப்பெண் பட்டியல், முதல் பட்டம், சட்டப் பட்டம், மாற்றுச் சான்றிதழ் எல்லாம் அசலில் வேண்டும் என்பேன். வேறு எந்தச் சம்பள வேலையிலும் இல்லை என்று உறுதிமொழிப் பத்திரம் வேண்டும். உன் பேரில் குற்ற வழக்கு நிலுவையில் இல்லை என்று எழுதிக் கொடுக்க வேண்டும், அதைப் போலீஸும் விசாரிக்கும். பதிவான பிறகு பார் தேர்வு ஒன்று இருக்கிறது, அதிலும் தேற வேண்டும். இவ்வளவையும் செல்போனில் தட்டிக்கொள்வார்கள். கடைசியாகத்தான் அதைச் சொல்வேன். உன்னை நேரில் அறிந்த இரண்டு வழக்கறிஞர்கள், நீ நன்னடத்தை உள்ள ஆள் என்று கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும். அதைக் கேட்டதும் சிரிப்பார்கள். "அதெல்லாம் ஒரு மேட்டரே இல்ல மேடம்" என்பார்கள்.

எனக்கு அது ஒன்றுதான் மேட்டராக இருந்தது.

அவர்கள் சிரிப்பதிலும் நியாயம் இருக்கிறது. என்னோடு சட்டம் படித்தவர்களில் பாதிப் பேர் என் வயதில் பாதி. படிவம் கைக்கு வந்த அன்றே கும்பலாகக் கிளம்பி, நீதிமன்றத்துக்கு எதிரில் இருக்கும் டீக்கடைக்குப் போனார்கள். நானும் போனேன். அங்கே முன்பின் தெரியாத ஒரு வழக்கறிஞர், சமோசாவை இடது கைக்கு மாற்றிக்கொண்டு, நாலு பேருக்கு வரிசையாகக் கையெழுத்துப் போட்டார். "எத்தனை வருஷமாத் தெரியும்னு போடணும் சார்" என்றான் ஒரு பையன். "ரெண்டுன்னு போட்டுக்கோ" என்றார். எண்ணெய்க் கறை தாளில் பட்டுவிடக் கூடாது என்று மட்டும் கவனமாக இருந்தார். அடுத்த ஆள் நான். படிவத்தைப் பைக்குள் வைத்துக்கொண்டு நகர்ந்து வந்துவிட்டேன்.

நன்னடத்தை என்ற சொல்லைப் பார்த்தாலே எனக்கு உடம்பு எரிந்த காலம் அது. அதற்கு ஒன்பது வருடம் பின்னால் போக வேண்டும்.

அப்போது எனக்கு முப்பத்திரண்டு வயது. அம்பத்தூர் தொழிற்பேட்டையில் பம்பு செய்யும் கம்பெனி ஒன்றில், சரக்கு அனுப்பும் பிரிவில் வேலை. கல்யாணமாகி வானகரத்தில் ஒரு அடுக்குமாடியில் இரண்டு வருடம் குடியிருந்தேன். கணவர் கை நீட்டுகிற ஆள். அதற்கு மேல் அதைப் பற்றி எழுத எனக்கு விருப்பமில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு பையோடு நசரத்பேட்டையில் இருந்த அப்பா வீட்டுக்கு வந்து சேர்ந்தேன். பிறகு பூந்தமல்லி நீதிமன்றத்தில் விவாகரத்து மனு போட்டேன்.

அப்பாவை நான் நைனா என்றுதான் கூப்பிடுவேன். பூந்தமல்லி பஸ் நிலையத்தில் டைம் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். எந்த வண்டி எத்தனை மணிக்கு வந்தது, யார் டிரைவர், யார் கண்டக்டர் என்று முப்பது வருடம் எழுதியவர். அம்மா நான் கல்லூரியில் படிக்கும்போதே போய்விட்டாள். நான் திரும்பி வந்த அன்று அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பையை வாங்கி உள்ளே வைத்துவிட்டு, "இட்லி மாவு கீது, ஊத்தட்டா?" என்றார். மறுநாளிலிருந்து சாயங்காலம் கம்பெனி வேன் என்னை இறக்கிவிடும் ஸ்டாப்பிங்கில் வந்து நிற்க ஆரம்பித்தார். பெங்களூர் ரோட்டில் அந்த இடத்தைக் கடப்பது உயிர் போகிற காரியம். லாரிகளுக்கு நடுவில் கையைத் தூக்கிக்கொண்டு, பஸ் நிலையத்தில் வண்டிகளை நிறுத்தின பழக்கத்தில், எனக்கு வழி வாங்கிக் கொடுப்பார்.

நாலு மாதம் கழித்து என் கணவர் தரப்பிலிருந்து எதிர்மனு வந்தது. என் வக்கீல் மேடம் ஒரு நகலை என்னிடம் கொடுத்து, "படிச்சிட்டு டென்ஷன் ஆகாத, எல்லாரும் இப்படித்தான் எழுதுவாங்க" என்றார். படித்தேன். ஏழாவது பாராவில் இப்படி இருந்தது: மனுதாரர் நன்னடத்தை இல்லாதவர், தினமும் வெள்ளை நிற வேனில் அந்நிய ஆண்களோடு நெருங்கி உட்கார்ந்து, சிரித்துப் பேசிக்கொண்டு வந்து இறங்குவார், இதை அக்கம்பக்கத்தார் பலரும் கண்டு, எதிர்மனுதாரரிடம் வருத்தத்தோடு சொல்லியிருக்கிறார்கள்.

எங்கள் கம்பெனி வேன் நீல நிறம். அதில் வந்தவர்கள் பெரும்பாலும் பெண்கள். ஆனால் அச்சில் ஒன்றைப் பார்க்கும்போது மனசு நிறத்தையா பார்க்கிறது? நன்னடத்தை இல்லாதவர் என்ற இரண்டு வார்த்தையும், கீழே ஒரு வழக்கறிஞரின் கையெழுத்தும் ரப்பர் ஸ்டாம்பும்தான் கண்ணில் நின்றன.

அந்தத் தாள்களை நைனாவிடம் காட்டியிருக்கக் கூடாது. அவரும் கேட்டார், நானும் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, விரலை வரி வரியாக நகர்த்தி முழுக்கப் படித்தார். மடித்து என் பக்கத்தில் வைத்தார். நான் சாப்பிட உட்கார்ந்திருந்தேன். "ஏம்மா, அந்த வேன்ல யார் யார் வராங்க?" என்று கேட்டார்.

அவ்வளவுதான் கேட்டார். கணவர் அடித்தபோது வராத அழுகை அன்று வந்தது. ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பது எனக்கும் தெரியும், ஊர் பேசிவிட்டுப் போகட்டும். இவருமா? தட்டிலேயே கை கழுவிவிட்டு எழுந்து, "நாளையிலேர்ந்து நீ ஸ்டாப்பிங்குக்கு வராத நைனா" என்றேன். அவர் ஏதோ சொல்ல வந்தார். நான் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

மறுநாள் அவர் வரவில்லை. அதற்குப் பிறகு நாங்கள் ஒரே வீட்டில் இரண்டு குடித்தனக்காரர்கள் மாதிரி இருந்தோம். சமைத்து மூடி வைப்பேன். அவர் சாப்பிட்டு முடித்த பிறகு நான் சாப்பிடுவேன். மாத்திரை வாங்கி வருவேன், மின்கட்டணம் கட்டுவேன், அவருக்குக் காய்ச்சல் என்றால் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போவேன். ஒரு மகள் செய்ய வேண்டியதில் ஒன்றையும் குறைக்கவில்லை. முகத்தைப் பார்த்துப் பேசுவதை மட்டும் விட்டுவிட்டேன். எனக்குப் பிடிவாதம் அதிகம் என்று வீட்டில் எல்லாருக்கும் தெரியும். வீட்டில் எல்லாரும் என்றால் அவர் ஒருவர்தான்.

குறுக்கு விசாரணை இரண்டு நாள் நடந்தது. எதிர்த் தரப்பு வக்கீலுக்கு அப்போதே தலை நரைத்திருந்தது. அதட்டாமல், பல் வலிக்கு மருந்து கேட்கிறவர் மாதிரி அமைதியாகக் கேட்டார். வேனில் உங்கள் பக்கத்து இருக்கையில் யார் உட்காருவார்? அவர் உங்களுக்கு எந்த வகையில் பழக்கம்? வேனில் சிரித்துப் பேசுவது வழக்கமா? "எங்க வேன் வெள்ளை இல்லைங்க, நீலம்" என்றேன். "நிறத்தை விடுங்கம்மா, கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க" என்றார். சொன்னேன். அழவில்லை. நைனா வெளியே வராந்தாவில் உட்கார்ந்திருந்தார். இரண்டு நாளும் ஒரே பஸ்ஸில் போய் ஒரே பஸ்ஸில் திரும்பினோம், அவர் முன்னால், நான் பின்னால்.

வாய்தா மேல் வாய்தாவாக மூன்று வருடம் ஓடியது. என் கணவருக்கும் அலுத்துப் போயிருக்க வேண்டும். பரஸ்பர சம்மதத்தில் பிரிந்துகொள்ளலாம் என்று சொல்லி அனுப்பினார். கையெழுத்துப் போட்டோம், விவாகரத்து கிடைத்தது. விடுதலை என்று நினைத்து வெளியே வந்தவளுக்கு, பஸ்ஸில் ஏறிய பிறகுதான் உறைத்தது. சம்மதத்தின் பேரில் பிரிந்தால் நீதிமன்றம் எதையும் விசாரித்துத் தீர்மானிப்பதில்லை. பாரா ஏழு மெய் என்று யாரும் சொல்லவில்லை. பொய் என்றும் யாரும் சொல்லவில்லை. அது வழக்குக் கட்டுக்குள் இருந்தபடியே இருந்தது, வீட்டில் நைனாவும் இருந்தபடியே இருந்தார்.

சட்டம் படிக்கப் போனதற்கு நான் பெரிய காரணமெல்லாம் சொல்லிக்கொண்டதில்லை. ஏழைகளுக்கு நீதி வாங்கித் தரும் எண்ணம் அப்போது எனக்கு இல்லை. கோபம்தான். இப்படி ஒரு பாராவை எழுதும் உரிமையை யார் யாருக்குக் கொடுத்தது என்று தெரிந்துகொள்ள வேண்டும் போலிருந்தது. விவாகரத்துக்குப் பிறகு இரண்டு வருடம் சம்பளத்தில் சேர்த்து வைத்ததை நம்பி வேலையை விட்டேன். திருவள்ளூர் தாண்டி இருந்த கல்லூரிக்கு மூன்று வருடம் பஸ்ஸில் போய் வந்தேன். முதல் நாள் காலையில் சாப்பாட்டு மேசையில் ஒரு துண்டுச் சீட்டு இருந்தது. பூந்தமல்லியிலிருந்து திருவள்ளூர் போகும் வண்டிகளின் நேரம் நைனாவின் கையெழுத்தில் எழுதியிருந்தது, எந்த வண்டியில் உட்கார இடம் கிடைக்கும் என்ற குறிப்போடு. அதை எடுத்துப் பையில் வைத்துக்கொண்டேன். நன்றி என்று சொல்லவில்லை.

டீக்கடையிலிருந்து நகர்ந்து வந்தேன் என்று சொன்னேனே, அன்று மத்தியானம் என் வக்கீல் மேடத்தைப் போய்ப் பார்த்தேன். அவர் முதல் சான்றில் சந்தோஷமாகக் கையெழுத்துப் போட்டார். "இன்னொண்ணு?" என்றார். என்னை உண்மையிலேயே அறிந்த வழக்கறிஞர்கள் உலகத்தில் இரண்டே பேர்தான், ஒருவர் நீங்கள், இன்னொருவர் என்னை இரண்டு நாள் கூண்டில் நிறுத்திக் கேள்வி கேட்டவர், அவரிடம்தான் வாங்கப் போகிறேன் என்றேன். மேடம் பேனாவைக் கீழே வைத்தார். "அந்த ஆள்கிட்டயா? உனக்கென்ன பைத்தியமா?" என்றார். பிறகு கொஞ்சம் யோசித்து, "சரி, சாட்சிக்காரன் கால்ல விழறதுக்கு சண்டைக்காரன் கால்ல விழலாம்னு சும்மாவா சொன்னாங்க. ஆனா மூணு நாள்தான் இருக்கு, பாத்துக்கோ" என்றார். மூன்று நாளுக்குள் படிவத்தைக் கொடுக்காவிட்டால் அடுத்த பதிவு வரை மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். எனக்கு வயது நாற்பத்தொன்று, கையில் வேலை இல்லை.

முன்பின் தெரியாதவர் பொய்யாகப் போடும் கையெழுத்து வேண்டாம் என்று மேடத்திடம் நேர்மை பேசினேன். அது பாதி உண்மை. மீதியை இப்போது சொல்கிறேன். நன்னடத்தை இல்லாதவர் என்று எழுதிய அதே கை, நன்னடத்தை உள்ளவர் என்று எழுத வேண்டும். அந்தத் தாளைக் கொண்டுபோய் நைனாவின் முன்னால் போட வேண்டும். பார், நீ நம்பின ஆளே மாற்றி எழுதிவிட்டான் என்று சொல்ல வேண்டும். அதற்காகத்தான் போனேன்.

அவருடைய அலுவலகம் டிரங்க் ரோட்டில், மோட்டார் பம்பு விற்கும் கடைக்கு மேல் மாடியில் இருந்தது. மெட்ரோ வேலைக்காகச் சாலையைப் பாதி அடைத்திருந்தார்கள். படி ஏறும்போதே காலடியில் அதிர்வு தெரிந்தது. மேலே அவருடைய குமாஸ்தா மட்டும் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தார். அறுபது வயது இருக்கும், காதோரம் ஒரு பேனா. "இன்னாம்மா, இன்னா கேஸு?" என்றார். கேஸ் இல்லை, சான்றிதழில் கையெழுத்து என்றேன். "அவ்ளோதானே, குந்து. சார் கோர்ட்லேர்ந்து வந்துகினு கீறாரு" என்று ஸ்டூலைத் தள்ளிவிட்டார்.

வக்கீல் மூச்சு வாங்கிக்கொண்டு வந்தார். தலை முழுக்க வெளுத்துவிட்டது, நடையில் தள்ளாட்டம். நாற்காலியில் உட்கார்ந்து தண்ணீர் குடித்துவிட்டு, என் கையில் இருந்த படிவத்தைப் பார்த்ததும் தானாகவே கையை நீட்டினார். "என்ரோல்மென்ட்டா? குடு" என்றார். எங்கே கையெழுத்து என்று பேனா முனையால் தேடினார். என் பேரைக்கூடப் படிக்கவில்லை.

"என்னைத் தெரியுதா சார்?" என்றேன்.

"கோர்ட்டுல பாத்திருப்பேன். எந்த சீனியர்கிட்ட இருக்க?"

"ஒன்பது வருஷத்துக்கு முன்னாடி உங்க கட்சிக்காரரோட சம்சாரம் நான். என்னை ரெண்டு நாள் கிராஸ் பண்ணீங்க."

பேனா நின்றது. என் முகத்தை உற்றுப் பார்த்தார். அவருக்கு ஒன்றும் நினைவு வரவில்லை என்பது தெளிவாகத் தெரிந்தது. எதிர்மனுவின் நகலைப் பையிலிருந்து எடுத்து மேசையில் விரித்து, ஏழாவது பாராவில் விரலை வைத்தேன். மடித்த இடமெல்லாம் கிழிந்து, ஒட்டியிருந்தேன். அவர் கண்ணாடியை மாற்றிக்கொண்டு படித்தார்.

"நாங்க கட்சிக்காரர் சொல்றதைத்தாம்மா எழுதுவோம்" என்றார் மெதுவாக. "அது அவர் வார்த்தை. எங்களது வாய் மட்டும்தான்."

குமாஸ்தா எழுந்து வந்து, அவர் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தார். குமாஸ்தா முகத்தில் ஒரு பிரகாசம், பழைய தெருவில் நடக்கிறவருக்கு வருகிற மாதிரி. "சார், இது அவரு சொன்னது இல்லீங்களே. சம்பளத்தக் குடுக்கல, நேரத்துக்கு ஊட்டுக்கு வரல, அவ்ளோதான் அவரு சொன்னாரு. மறுநாளு தாக்கல் பண்ணணும்னு நீங்க அவசரப்படுத்தினீங்க. ஆவடி கேஸ் ஒண்ணு கம்ப்யூட்டர்ல இருந்துச்சி. அந்தப் பொண்ணும் கம்பெனி வேன்ல போற பொண்ணுதான். பேர மட்டும் மாத்திட்டு பாராவ அப்படியே இட்டுகினேன்."

"நீ சும்மா இருய்யா" என்றார் வக்கீல்.

"அந்தப் பொண்ணு வெள்ளை வேன்லயா போச்சு?" என்று நான் கேட்டேன்.

குமாஸ்தா யோசித்தார். "யாருக்குத் தெரியும்மா? அதுவும் அதுக்கு முன்னால ஏதோ ஒரு கேஸ்லேர்ந்து எடுத்ததுதான்" என்றார். அவருக்கு அதில் தப்பாக ஏதும் படவில்லை. எங்கள் தொழிலில் எல்லாரும் அப்படித்தான் எழுதுகிறோம். இன்று நானும் பழைய மனு ஒன்றைத் திறந்து வைத்துக்கொண்டுதான் புது மனு அடிக்கிறேன். பேரை மாற்று, தேதியை மாற்று, கதவு எண்ணை மாற்று என்று பழகிப் போய்விட்டது.

அன்று எனக்கு அது பழகியிருக்கவில்லை. என்னைக் கெட்டவள் என்று நினைத்து எழுதியிருந்தால்கூடத் தேவலாம் என்று இருந்தது. அதற்காவது ஒரு ஆள் என்னைப் பற்றி ஒரு நிமிஷம் யோசித்திருக்க வேண்டும். இங்கே யாரும் என்னை நினைக்கவே இல்லை. யாரோ ஒரு ஆவடிப் பெண், அவளுக்கு முன்னால் இன்னொருத்தி. அவர்களில் எத்தனை பேருடைய அப்பா சாப்பாட்டு நேரத்தில் கேள்வி கேட்டாரோ தெரியாது.

"வேற யார்கிட்டயாவது வாங்கிக்கோயேன்ம்மா" என்றார் வக்கீல். இப்போது அவர் படிவத்தைத் தள்ளி வைத்திருந்தார். "டீக்கடையில நின்னா பத்து பேர் போடுவாங்க. நான் இதுல கையெழுத்துப் போட்டா, என் கவுன்டர் மனு பொய்னு நானே எழுதிக் குடுத்த மாதிரி ஆகும்."

"ஆகட்டும் சார்."

வெளியே துளை போடும் இயந்திரம் ஒரு தடவை அலறி நின்றது. ஏழாவது பாராவை அவர் மறுபடி படித்தார், இந்தத் தடவை நிதானமாக. "கிராஸ்ல நீ அழுதியா?" என்று திடீரென்று கேட்டார்.

"இல்லை."

"அழுதிருந்தா ஞாபகம் இருந்திருக்கும்" என்றார்.

அவர் படிவத்தை இழுத்துக்கொண்டார். எத்தனை வருடமாகத் தெரியும் என்ற இடத்தில் ஒன்பது என்று எழுதினார். கீழே அச்சடித்திருந்த வாசகத்துக்கு அடியில், இருந்த இடத்தில் நெருக்கி, இன்னும் இரண்டு வரி ஆங்கிலத்தில் எழுதினார். இவரை எதிர்த் தரப்பு வழக்கறிஞராக அறிவேன். இரண்டு நாள் குறுக்கு விசாரணை செய்தும் இவர் சொன்னது எதையும் பொய் என்று என்னால் காட்ட முடியவில்லை. கையெழுத்துப் போட்டு ஸ்டாம்பைக் குமாஸ்தாவிடம் வாங்கிக் குத்தினார். மன்னிப்பு எதுவும் கேட்கவில்லை. கேட்டால் என்ன திருப்பிச் சொல்வது என்று பஸ்ஸில் யோசித்து வைத்திருந்தது எனக்கு வீணாய்ப் போனது. "நல்லா வரணும்" என்று மட்டும் சொன்னார், எல்லாருக்கும் சொல்வதுபோல.

அந்த இரண்டு வரியை அதற்குப் பிறகு அதிகாரபூர்வமாக யாரும் படித்ததாக எனக்குத் தெரியவில்லை. படிவத்தை வாங்கிக்கொண்ட இடத்தில், கையெழுத்து இரண்டு இருக்கிறதா என்று எண்ணிப் பார்த்தார்கள். இருந்தது. அடுத்த பதிவு நாளில் கவுனும் கழுத்துப் பட்டையும் போட்டு, இன்னும் நூற்றுக்கணக்கான பேரோடு நின்று உறுதிமொழி எடுத்தேன்.

ஆனால் அதெல்லாம் பிறகு. அன்று சாயங்காலம் சான்றோடு நேராக வீட்டுக்குத்தான் போனேன். நைனா வெளிக் கதவின் கீலுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். வேட்டியில் கை துடைத்துக்கொண்டு நிமிர்ந்தார். ஒன்பது வருடத்தில் முதல் தடவையாக நேராக அவர் முகத்தைப் பார்த்து, தாளை நீட்டினேன். வெற்றி கண்டவள் மாதிரி நீட்டினேன் என்பதை நினைத்தால் இப்போது வெட்கமாக இருக்கிறது.

உள்ளே வந்து கண்ணாடியைத் தேடி எடுத்து, விரலை நகர்த்திப் படித்தார். டைம் கீப்பர் வேலைக்கு வேண்டிய அளவு ஆங்கிலம் அவருக்கு உண்டு. இரண்டு தடவை படித்தார்.

"இன்னாமா இது?"

"அன்னிக்கு நீ கேட்டியே, அதுக்குப் பதில்."

"நான் இன்னா கேட்டேன்?"

"வேன்ல யார் யார் வராங்கன்னு கேட்டே. அந்தப் பாராவே என்னைப் பத்தி எழுதினது இல்ல நைனா. வேற யாரோ பொண்ணு கேஸ்லேர்ந்து எடுத்துப் போட்டதாம். எழுதின வக்கீலே இப்ப மாத்தி எழுதிக் குடுத்துட்டான். இப்பவாவது நம்புறியா?"

நைனா நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். "அதுக்காம்மா நீ என் மூஞ்ச பாக்காம கீற?" என்றார். "ஆம்பளத் துணை இல்லாம வந்துட்டமேன்னு உனக்கு வருத்தம், கேஸால மனசு கசந்து போச்சின்னு நெனச்சினு இருந்தேன்."

"பின்ன எதுக்குக் கேட்டே?"

"கூண்டுல ஏத்தி அதத்தானே கேப்பானுங்க. நீ கோவக்காரி. படக்குனு கோவம் வந்து தடுமாறிட்டா, பொய்யி சொல்றான்னு எழுதிக்குவானுங்க. ஊட்லயே ஒரு தபா சொல்லிப் பாத்துட்டா வாய் பழகிடும்னு கேட்டேன்." மூச்சு விட்டுக்கொண்டு தொடர்ந்தார். "எனக்குத் தெரியாமலா கேட்டேன்? டிரைவராண்ட கண்ணாடி போட்ட பெரியவரு. நடு சீட்டுல மூணு பொண்ணுங்க, அதுல ஒண்ணு மாசமா இருந்துச்சி. பின்னால நீ, ஜன்னலோரம். ஆறு நாப்பதுக்கு வரும், சனிக்கெழமன்னா ஆறு மணிக்கே வந்துரும். தெனம் நின்னு பாத்தவன் நான்."

தரையில் உட்கார்ந்துவிட்டேன். அவர் சொன்ன ஆட்கள் சரி, நேரமும் சரி. மாசமாக இருந்தவள் பேர்கூட எனக்கு மறந்திருந்தது. அவருக்கு அவள் உட்கார்ந்த இடம் நினைவிருந்தது.

அவர் சொன்னது முழுக்க உண்மையா, இல்லை தாளோடு வந்து நின்ற மகளைப் பார்த்து அந்த நிமிஷத்தில் மனசு தாங்காமல் சொன்னதா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அன்று அந்தக் கேள்வியைக் கேட்டபோது அவர் முகம் எப்படி இருந்தது என்று நான் பார்க்கவே இல்லை. தட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. அப்படியானால் இதை மறுநாளே ஏன் சொல்லவில்லை, இத்தனை வருடம் ஏன் வாய் திறக்கவில்லை என்று ஒரு கேள்வி போட்டால், சாட்சி நிற்கிறதா விழுகிறதா என்று தெரிந்துவிடும். கூண்டில் நின்றும் கற்றிருக்கிறேன், மூன்று வருடம் படித்தும் கற்றிருக்கிறேன். கேள்வி நாக்கு நுனி வரை வந்தது. ஆனால் அவரை ஒரு வார்த்தை விசாரிக்காமல் ஒன்பது வருடம் தண்டித்தவள் நான். அன்றும் விசாரிக்கவில்லை.